ஆர்லிஸ் டாக்கெட் சொன்னதில் பாதி

1

முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கத்தரியில் பிறந்தது.

டென்னசியில் ஹாலர்டன் என்கிற எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் பக்கம் கட்டுவதும் தலைப்பு வைப்பதும் என் வேலை. இருபத்து மூன்று வருடமாகச் செய்கிறேன். செவ்வாய் மாலை நான்கு மணிக்குப் பக்கத்தை மூடவேண்டும், புதன் காலை பத்திரிகை ஊரில் இருக்கவேண்டும். அந்தச் செவ்வாய் மூன்றே முக்காலுக்கு டிராக்டர் கடைக்காரர் அரைப்பக்க விளம்பரத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். விளம்பரத்துக்கு இடம் வேண்டும். இடம் எங்கிருந்து வரும்? ஆர்லிஸ் டாக்கெட்டிடமிருந்து வந்தது.

ஆர்லிஸ் பாட்டுக்காரர். கன்ட்ரி பாட்டு. வயது அறுபத்து மூன்று. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய பாட்டு ஒன்று நாடு முழுக்க ரேடியோவில் ஓடியது. அதற்கப்புறம் வந்த பாட்டுகள் நடந்தன, சில உட்கார்ந்தே விட்டன. இப்போது மோனா பிரூயிட்டின் சாப்பாட்டுக் கடையில் ஞாயிறு மூன்று மணிக்கு நான்கு பாட்டுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து முறை வைத்துப் பாடுவார்கள். அதில் நான்காவது நாற்காலி ஆர்லிஸுடையது. அந்த நாற்காலி ஒன்றுதான் அவருக்கு மிச்சம். (இந்த வாக்கியத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

புதுப் பாட்டு ஏதும் உண்டா என்று கேட்கத்தான் அவருக்குத் தொலைபேசினேன். உண்டு என்றார். அதிபரைப் பத்திரிகையும் டிவியும் படுத்தும் பாட்டைப் பற்றிய பாட்டு என்றார். பிறகு சொன்னது இது. முழுசாகத் தருகிறேன், தாமதமாகத் தந்தாலும்:

"நான் அவருக்கு ஓட்டுப் போட்டேனா இல்லையாங்கறது எனக்கும் ஓட்டுச்சாவடித் திரைக்கும் நடுவுல இருக்கற சமாச்சாரம். ஆனா ஒரு மனுசன் ஒரு மணி நேரம் பேசறான். அதுல ஆறு செகண்ட வெட்டி எடுத்து நாள் பூரா அதையே போட்டுக் காட்டறாங்களே, அது அநியாயம். அந்த ஆறு செகண்டு சில சமயம் முட்டாத்தனமாத்தான் இருக்கு, நான் இல்லேங்கல. மீதி அம்பத்தொம்போது நிமிசமும் அம்பத்தி நாலு செகண்டும் எங்கய்யா போச்சு?"

டிராக்டருக்கு இடம் விட்டபின் மிஞ்சிய கட்டத்தில் நான் வைத்த தலைப்பு: *அதிபர் பேச்சு "முட்டாள்தனம்": டாக்கெட் தாக்கு.*

கட்டத்தில் அச்சுப்பிசகாமல் உட்கார்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

எந்த அதிபர் என்கிறீர்களா? சொல்லமாட்டேன். நீங்கள் இதற்குள் ஒருவரை மனசில் உட்காரவைத்துவிட்டீர்கள், எனக்குத் தெரியும். அவரை உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை வைத்து ஆர்லிஸ் நல்லவரா கெட்டவரா என்றும் முடிவு செய்துவிட்டீர்கள். மனுசன் இன்னும் கதைக்குள் காலே வைக்கவில்லை, பாவம்.

2

கதையைத் தொடங்குவதில் நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

*மலைச்சரிவில் மூடுபனி விலகிக்கொண்டிருந்த காலையில் ஆர்லிஸ் தன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு*

வேண்டாம். புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் தூக்கிக்கொண்டு வந்தது பத்திரிகையை.

*அகன்ற விளிம்புத் தொப்பியும் தோல் பூட்ஸுமாக, குதிரையிலிருந்து*

பச்சைப் பொய். அவர் தலையில் இருப்பது மாட்டுத்தீவனக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி. முழங்கால் வலிக்கு ரப்பர் அடி போட்ட ஷூ. குதிரை என்றால் தூர நின்று கும்பிடு போடுகிற ஆள். இதை எழுதும்போதே உங்கள் முகம் சுண்டுவது தெரிகிறது. நான் என்ன செய்யட்டும்?

*அப்பாவியான ஆர்லிஸ் டாக்கெட்*

அப்பாவி என்று யார் சொன்னது? கொஞ்சம் பொறுங்கள்.

(முதல் பிரதியில் அவரைக் கோமாளியாக எழுதியிருந்தேன். அதிபருக்கு வக்காலத்து வாங்கும் பாட்டுக்காரர் என்றால் சிரிக்கவைப்பது சுலபம். பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்த ஊரில் அதிபரின் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை கேட்பவர் ஆர்லிஸ் ஒருவர்தான். லாரியின் ரேடியோவில், பிழைப்புக்கு வேலி அடிக்கப் போகிற வழியில், விளம்பரம் உட்படக் கேட்பார். அதிபரைத் தலையில் வைத்து ஆடுகிறவர்களும் அதே ஆறு செகண்டைத்தான் பார்க்கிறார்கள், கரித்துக்கொட்டுகிறவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். கோமாளி வேஷத்தைக் கழற்றிவிட்டேன்.)

3

என்னிடம் வருவதற்கு முன்பே அன்று காலை மோனாவின் கடையில் ஆர்லிஸுக்கு இரண்டு அடி விழுந்திருந்தது.

ஜன்னலோர மேசை அதிபரின் ஆட்கள். அவர் உள்ளே நுழைந்ததும் அத்தனை முதுகும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டது. அது பரவாயில்லை. அடுக்களையோர மேசை அதிபருக்கு எதிர். அவர்கள் எழுந்து வந்து ஆர்லிஸின் தோளைத் தட்டி, "இத்தனை நாளா உன்னைத் தப்பா நெனச்சுட்டோம்பா" என்று காபி வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நான் அப்படிச் சொல்லவில்லை என்று முழுசாக எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்தபோது அந்த மேசையும் முதுகைத் திருப்பியிருந்தது. காபி ஆறுவதற்குள் ஊரின் இரண்டு பாதியும் போயிற்று.

மோனா தட்டைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஆர்லிஸ் கண்ணு, ரெண்டு மேசையும் ஞாயித்துக்கிழமை வராதுங்கறாங்க. அப்ப நான் யாருக்குக் கோழி பொரிக்கறது? உன் நாற்காலிய வேற ஒருத்தி ஒரு வருசமா கேட்டுட்டிருக்கா. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா காதுல போட்டு வைக்கறேன்."

அங்கிருந்து நேராக என் மேசைக்கு வந்தார்.

"யோவ் மணி, கண்ணாடி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப இதைப் படி. சத்தமாப் படி."

படித்தேன். "நீங்க சொன்ன வார்த்தைதானே ஆர்லிஸ்?"

"சொன்ன வார்த்தைதான்! என் பல்லும் என் வாயில இருக்கறதுதான். அதுக்காக ஒண்ணே ஒண்ணப் புடுங்கி மேசை மேல வச்சு, இதுதான்டா ஆர்லிஸுன்னு காட்டுவியா?"

"டிராக்டர் விளம்பரம் வந்துடுச்சு. இடம் பத்தல."

"வெட்டாதீங்கடான்னு நான் சொன்னத வெட்டியிருக்க பாரு, அதுக்கு ஒரு துணிச்சல் வேணும்யா. அதிபரு நெலமை எப்படி இருக்கும்னு இப்பத்தான் எனக்கு முழுசாப் புரியுது. உனக்கு நன்றிதான் சொல்லணும்."

"அடுத்த வாரம் திருத்தம் போட்டுடறேன்."

"எங்க போடுவ?"

"ரெண்டாம் பக்கம்."

"ரெண்டாம் பக்கத்துல எங்க?"

"...கீழ."

"காணாமப் போன மாட்டுக்குப் பக்கத்துலயா?"

"மாட்டுக்கு மேல."

தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். "ஞாயித்துக்கிழமை புதுப் பாட்டப் பாடறேன். நீ வர. உக்காந்து முழுசாக் கேக்கற. நடுவுல எழுந்து போனேன்னா முழங்காலு வலியோட தொரத்துவேன்."

4

வியாழன் காலை ஆசிரியருக்குக் கடிதங்கள் போடும் பெட்டியில் இது இருந்தது. ஒரு வார்த்தை குறைக்காமல் தருகிறேன்:

*ஆசிரியருக்கு,*

*பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது அநியாயம் என்று திரு. ஆர்லிஸ் டாக்கெட் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். (உங்கள் தலைப்பில் அது இல்லை. அவரே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.) மிகவும் சரி. முழுமனதாக ஆதரிக்கிறேன். அப்படியானால் என் நாயின் மீதிப் பாதியையும் அவர் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்.*

*வெர்லீன் ஹாகுட்*
*முன்மேசை, கால்நடை மருத்துவமனை*

*பின்குறிப்பு: அது கயிறு. சிவப்புப் பட்டை அல்ல. கயிறு.*

இங்கே ஒரு அடிக்குறிப்பு வரவேண்டும். அடியில் இடம் இல்லாததால் நடுவிலேயே வருகிறது.

நாடு முழுக்க ஓடிய அந்த ஒரே பாட்டின் பெயர் 'மழையில் கிரேவி'. கிரேவி என்பது நாய். பாட்டில் மனைவி வீட்டை விட்டுப் போகிறாள். போகிறவள் நாயை வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறாள். மழை. கணவன் நாற்பது மைல் திரும்பி வந்து கட்டை அவிழ்க்கிறான். இரண்டு பேரும் அழுகிறார்கள், நாயும் அவனும். அந்த இடத்தில் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மூக்கைச் சிந்துவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வட்டத்தில் பாடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுவதற்கு முன் அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்லவேண்டும். ஆர்லிஸ் நெஞ்சில் கை வைத்து "இது உண்மைச் சம்பவம்" என்று ஆரம்பிப்பார். கிதாரின் கழுத்தில் ஒரு சிவப்பு நாய்ப்பட்டை தொங்கும். கிரேவியுடையது என்பார். ரசிகர்கள் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை தீவனக் கடையில் இன்னொன்று வாங்குவார். இப்போது தொங்குவது ஏழாவது.

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். ஆர்லிஸும் அப்போது அவர் மனைவியாக இருந்த வெர்லீனும் மனம் ஒத்துத்தான் பிரிந்தார்கள். இரண்டு லாரி, இரண்டு திசை. நாய் ஆர்லிஸின் லாரியில் போகவேண்டும் என்பது பேச்சு. ஆர்லிஸ் மறந்துவிட்டார். மழையில் நாற்பது மைல் திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்தது வெர்லீன். கிரேவி அதன் பின் ஒன்பது வருடம் வெர்லீனோடு சுகமாக இருந்து செத்துப்போயிற்று.

பிரிந்த அதே மாதம் ஆர்லிஸ், கன்ட்ரி பாட்டுத் தொழில் நடக்கிற நாஷ்வில்லுக்குப் பாட்டு எழுதப் போனார். அங்கே பாட்டு எழுதுவது பல் டாக்டரிடம் போவது மாதிரி. காலை பத்து மணிக்கு ஒரு அறையில் முன்பின் தெரியாத ஒருவரோடு உட்காரவைத்துவிடுவார்கள். ஆர்லிஸ் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறார். எதிரே இருந்த ஆள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நாயை மறந்துட்டுப் போனவன் பாட்ட எந்த ரேடியோக்காரன் போடுவான்? அவ விட்டுட்டுப் போனான்னு மாத்து" என்றாராம். மாற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு முன் பாட்டு முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் வெர்லீனுக்கு நடந்ததை யாரும் பாட்டாக எழுதவில்லை. கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் அவர் பெயரைக் கேட்டதும், "ஓ, நீங்கதானா அது?" என்பார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் நாயின் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு அம்மாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தப் பாட்டைக் கேட்டு இருபத்திரண்டு வருடமாகக் கண்ணைத் துடைத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு தடவைகூட வெர்லீனிடம் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. பத்திரிகைக்காரன் வேறு!

கடிதத்தை அச்சுக்கு முன் ஆர்லிஸிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை நடந்தபோது நான் அங்கே இல்லை. ஆட்டுக்கு ஊசி போட வந்திருந்தவர் சொன்னது, ஆர்லிஸ் சொன்னது, வெர்லீன் சொன்னது மூன்றையும் ஒட்டுப்போட்டிருக்கிறேன். தையல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழி நெடுக ஆர்லிஸ் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். கால்நடை மருத்துவமனைக் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பூனை ஒன்று, ஆடு ஒன்று, அவற்றின் சொந்தக்காரர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியோடு வெர்லீன்.

"ஊசியா, குடற்பூச்சி மருந்தா?" தலை நிமிராமல் கேட்டார் வெர்லீன்.

"லெட்டர் எழுதியிருக்கியாமே."

"அச்சுல வரதுக்கு முன்னாடியே உனக்கு வந்துடுச்சா? மணி வாயில எது தங்கும்!"

(உண்மை. வெட்டாமல் போட்டுவிட்டேன், பார்த்தீர்களா?)

"அது பாட்டு வெர்லீன். மூணு நிமிசத்துல எல்லாத்தையும் சொல்ல முடியுமா?"

"டிவிக்காரனும் அதையேதான் சொல்றான் கண்ணு. நேரம் பத்தலங்கறான்."

ஆட்டுக்காரர் சிரித்துவிட்டு, ஆடு தும்மியது போலப் பாவனை செய்தார்.

"அதுவும் இதுவும் ஒண்ணா? அவரு நாட்டுக்கே அதிபரு!"

"சரி, அவருக்கு நடக்கறது அநியாயம்னே வச்சுக்குவோம். ஆறு செகண்ட வெட்டிப் போட்டா, மறுநாளே மைக்கப் புடிச்சு ஒரு மணி நேரம் திருப்பிக் குடுப்பாரு. என்கிட்ட என்ன இருக்கு? இந்த மேசை இருக்கு, பூனைக்கு எடை பாக்கற தராசு இருக்கு. தராசுல ஏறி நின்னு கத்தட்டுமா?"

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை அது கோபத்தில் அல்ல.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அப்ப எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. ஒரு மாசம் ஓடும், போயிடும்னு நெனச்சேன். உனக்கு அந்த ஒரு பாட்டுதான் ஓடும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

பூனைக்காரம்மா சுவரில் ஒட்டியிருந்த உண்ணி மருந்து விளம்பரத்தை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார்.

"பாட்ட மாத்தச் சொல்றியா?"

"பாட்டு கெடக்கட்டும். அதுக்கு முன்னாடி நெஞ்சுல கைய வச்சுப் பேசுவியே, உண்மைச் சம்பவம்னு, அதை மாத்து. ஞாயித்துக்கிழமை வரேன். முன்னாடியே உக்காரறேன். நீ அங்க பாட ஆரம்பிச்சதுலேருந்து, பதினெட்டு வருசமா ஞாயித்துக்கிழமைல அந்தக் கடைப் பக்கம் தல வச்சதில்ல. கோழி அவ்வளவு நல்லாருக்காமே."

ஆர்லிஸ் மேசைமேல் குனிந்து குரலைத் தணித்தார். ஆட்டுக்காரர் ஒரு அடி முன்னால் நகர்ந்தார். "நான் அதைச் சொன்னேன்னா பாட்டு செத்துடும் வெர்லீன். மோனா நாற்காலிய எடுத்துடுவா. என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

வெர்லீன் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும். என் பேரும் என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

பிறகு உள்பக்கம் திரும்பி, "அடுத்தது ஆடு!" என்று கூப்பிட்டார்.

6

சனிக்கிழமை முழுக்க நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஞாயிறு இன்னும் வராதபோதே முடிவை எழுதி வைத்துக்கொள்வது பத்திரிகைத் தொழிலின் பழக்கம், தப்பாக நினைக்காதீர்கள்.

முதல் முடிவில் ஆர்லிஸ் உண்மையைச் சொல்கிறார். கடையே எழுந்து நின்று கை தட்டுகிறது. வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஜன்னலோர மேசையும் அடுக்களையோர மேசையும் கட்டிப்பிடித்து... இந்த இடத்தில் எனக்கே கூச்சமாகி நிறுத்திவிட்டேன்.

இரண்டாவதில் அவர் வழக்கம்போல நெஞ்சில் கை வைத்துப் பொய்யையே சொல்கிறார், வெர்லீன் கோழியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். கனமான முடிவு. எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவி பூங்கோதை படித்துவிட்டு, "அந்த மனுசன் மேல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்? தப்பாத் தலைப்பு வச்சது நீங்க, தண்டனை அவருக்கா?" என்றாள். கிழித்துவிட்டேன்.

மூன்றாவது கிரேவியின் வாய்மொழியாக இருந்தது. அரைப்பக்கம் சந்தோஷமாக எழுதினேன். நாய்க்கு இரண்டு பேர் மேலும் குறை இல்லை, கயிற்றின் மேல்தான் குறை. அதையும் விட்டுவிட்டேன். சாட்சி சொல்ல அது உயிரோடு இல்லை.

7

இது நடந்தது. ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரமாட்டோம் என்ற இரண்டு மேசையும் வந்திருந்தது. ஒரு கூட்டம் கூச்சல் போட வந்தது, இன்னொன்றும் அதற்கேதான். மோனா இரண்டு மடங்கு கோழி பொரித்திருந்தார். முன்னால், கிதாருக்கு நான்கடி தூரத்தில், வெர்லீன். நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். ஆர்லிஸின் நெற்றியில் வியர்வையை நான் பார்த்தேன், எனக்கும் வியர்த்தது.

முதல் சுற்றில் அதிபர் பாட்டைப் பாடினார்.

*பேசுறவன் பேசி முடிக்கட்டுமே,*
*அப்புறமா நீ கல்லெடு.*
*கல்லெடுக்குமுன் ஒருக்கா யோசி,*
*முழுசாக் கேட்டியா? சொல்லிடு.*

ஜன்னலோரத்தில் ஒருவர் தலையை ஆட்டினார். அடுக்களையோரத்தில் ஒருவர் காதைச் சொறிந்தார். பாட்டு சுமார்தான். முழுசாகச் சொல்வதென்று ஆனபின் அதையும் சொல்லிவிடவேண்டும் இல்லையா?

இரண்டாவது சுற்றில் அவர் முறை வந்தது. எல்லாருக்கும் என்ன பாட்டு என்று தெரியும். அவர் கை நெஞ்சுக்குப் போகவில்லை. கிதாரின் கழுத்திலிருந்து சிவப்புப் பட்டையைக் கழற்றி, வெர்லீனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பேசினார். இனி என் கத்தரி இல்லை:

"இது தீவனக் கடையில வாங்கினது. ஏழாவது. இந்தப் பாட்டு உண்மைச் சம்பவம்னு இருபத்திரண்டு வருசமா சொல்லிட்டிருக்கேன். சம்பவம் உண்மை, ஆளு மாறிப்போச்சு. நாயக் கட்டிப்போட்டு மறந்துட்டுப் போனவன் நான். நாப்பது மைலு திரும்பி வந்து அவுத்துக்கிட்டுப் போனவ இதோ முன்னாடி கோழி தின்னுட்டிருக்கா. அதுக்காக அவ தங்கமானவன்னு சொல்ல வரல. என் மீன்தூண்டில் அத்தனையும் எடுத்துட்டுப் போனவ, அது எனக்கு இன்னும் எரியுது. ஆனா நாய் விசயத்துல நியாயம் அவ பக்கம். பொய் சொல்லணும்னு நான் எழுதல. நாய விட்டவன் பாட்டு ஓடாதுன்னாங்க, மாத்தினேன், ஓடிச்சு. ஓடினதும் நானே நம்பிட்டேன். இப்பவும் கண்ண மூடினா நான் திரும்பி வந்த மாதிரியே ஞாபகம் வருது, மழையோட. அதிபரப் பத்தி நான் சொன்னதுல ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன், அவருக்கு நடக்கறது அநியாயம்தான். ஆனா அவருகிட்ட மைக் இருக்கு. எங்கிட்டயும் இருந்துச்சு. வெர்லீன்கிட்ட இல்ல, நான் குடுக்கல. மன்னிப்பு கேக்கறியான்னா, கேக்கறேன். அது கயிறு. மோனா, நாற்காலி வேணும்னா எடுத்துக்க. இந்த ஒரு பாட்ட முடிச்சுட்டு எழுந்துக்கறேன்."

யாரும் கை தட்டவில்லை.

வெர்லீன் விரலைத் துடைத்துக்கொண்டார். "தூண்டில் ரெண்டுதான் எடுத்தேன். அதுல ஒண்ணு என்னோடது." பட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "ம், பாடு. இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

பாடினார். *அவள் உன்னைக் கட்டிப்போட்டுப் போனாளே* என்ற வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டார். கை மட்டும் வாசித்தது. அந்த வரி அந்தக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடம். இரண்டு மேசையிலும் ஒருவர்கூடப் பாடவில்லை. அந்த இடம் காலியாகவே கடந்துபோயிற்று.

நாற்காலியை என்ன செய்யப்போகிறாய் என்று வெளியே வரும்போது மோனாவைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? புதன்கிழமை பத்திரிகை வரட்டும். ஊரு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

8

இன்று செவ்வாய். மணி மூன்று நாற்பது.

வெர்லீனின் கடிதம் பின்குறிப்போடு முழுசாகப் போகிறது. ஆர்லிஸ் பேசியதும் முழுசாகப் போகிறது. ஆனால் மோனா கடையில் முக்கால்வாசிப் பேர் தலைப்பைத் தாண்டிப் படிப்பதில்லை. தலைப்புக்கு நாலைந்து சொல்லுக்குத்தான் இடம்.

*நாயைக் கைவிட்டது நானே: டாக்கெட்.* உண்மை. நாற்காலி போய்விடும்.

*அதிபருக்கு நடப்பது அநியாயம்: டாக்கெட்.* உண்மை. வெர்லீன் போய்விடுவார்.

*முன்னாள் மனைவியிடம் பாடகர் மன்னிப்பு.* உண்மை, இனிப்பாகவும் இருக்கிறது. தூண்டில் எரிச்சல் எங்கே?

*தூண்டிலைத் திருடினார் வெர்லீன்: டாக்கெட்.* சே!

டிராக்டர் கடைக்காரர் வாசலில் லாரியை நிறுத்துகிற சத்தம் கேட்கிறது. கையில் என்னவோ பெரிதாக இருக்கிறது. இருபத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கத்தரியை எடுக்கக் கை வரவில்லை. நீங்கள் முழுசாகப் படித்திருக்கிறீர்கள், இந்த ஊரில் பாதிப் பேரைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். இந்தாருங்கள், பிடியுங்கள். தலைப்பை நீங்களே வையுங்கள், இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை ஏழரைக்கு ஆர்லிஸ் வருவார். தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, இந்தத் தலைப்பு யார் வைத்தது என்று கேட்பார். நான் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவேன்.